சுகாசினியின் ஓட்டைச் சுவரு

என் தங்கச்சி சுகாசினிக்கு சின்ன வயசுலேர்ந்தே ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படின்னு நோண்டணும். நான் சித்தாளு வேலைக்குப் போய் செங்கல் தூக்கினேன். அவ கட்டடப் படிப்பு படிச்சுட்டு வந்து, அந்தச் செங்கல்லை எப்படித் திருப்பி வைக்கணும்னு கம்ப்யூட்டரைக் கேட்டுக்கினு இருந்தா.

ஓரிக்கையில பட்டு நெய்யுற தணிகாசலம் அண்ணன் தறி போட ஒரு கூடம் கேட்டாரு. அதான் இவளுக்கு மொத கட்டடம். வெயிலு, காத்து, அவரு குழித்தறியில, குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ற உயரம் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள போட்டா. அது என்னென்னமோ சுவரு போட்டுப் பார்த்து ஒண்ணை எடுத்துக் குடுத்துது. இடிச்ச வீட்டுச் செங்கல்லே போதும், ஃபேனும் வேணாம், ஏசியும் வேணாம்னா. கல்லுக்குக் கல்லு சாய்வு வேற, நடுவுல ஓட்டை ஓட்டையா. "இது சுவராடி, இடியாப்பத் தட்டாடி?"ன்னு கத்திக்கினேதான் கல்லு எடுத்துக் குடுத்தேன்.

கட்டி முடிச்சா உள்ள ஜில்லுன்னு இருக்குது! ஆனா தறியில உட்கார்ந்த தணிகாசலம் அண்ணன் மத்தியானமே எழுந்துட்டாரு. தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலு அறுந்துக்கினே இருந்துது.

"எனக்கு சுகமாத்தாம்மா இருக்குது. ஆனா இந்தக் காத்துல பட்டு நூலு காஞ்சுபோவுதே! நாளைக்கு தகரம் அடிச்சு மூடிடுறேன்"னாரு.

மொத கட்டடமே தகரத்துல மூடிக் கெடந்தா அடுத்து இவளை யாரு கூப்பிடுவாங்க? இவளோ அழவுமில்ல, கோச்சுக்கவுமில்ல. ஊதுவத்தி கொளுத்திக்கினு தரையில குப்புறப் படுத்துட்டா. புகை கீழ் ஓட்டையிலேர்ந்து நேரா பாவு மேல ஓடுது. "அட, நீ இங்கதான் போறியா!"ன்னு காத்துகிட்ட பேசுறா, லூசு.

அப்புறம் லேப்டாப்பைத் தட்டினா. "உட்கார்ற ஆளை மட்டுந்தான்கா அதுல சொல்லியிருந்தேன். இப்ப நூலையும் ஒரு ஆளா சேர்த்துட்டேன். அவருக்குக் காத்து வேணும், இதுக்கு வேணாம்."

கீழ் ஓட்டைங்கள்ல, கம்ப்யூட்டர் சொல்ற சாய்வுல உடைஞ்ச ஓடு செருகணுமாம். திட்டிக்கினே செருகினேன்.

மறுநாள் காலையில தகர வண்டி வாசல்ல வந்து ஹாரன் அடிக்குது. தணிகாசலம் அண்ணன் தறியை விட்டு எழுந்திருக்கல. காத்து அவரு தலைமுடியைக் கலைக்குது, பாவு அசையல. ஒரு நூலும் அறுந்திருக்கல.

"வேணாம்பா, எடுத்துக்கினு போ"ன்னாரு.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சந்தோஷந்தான். கூடவே கோவமும் வந்துது. திரும்பிப் போனது மாதிரித் தகரந்தான் என் வீட்டுக் கூரை, உள்ள அடுப்பு மாதிரி வேவுது. "ஏண்டி, நூலைக்கூட ஆளா சேர்த்தியே, என்னை எப்போடி சேர்ப்ப?"ன்னு கேட்டுட்டேன்.

அவ சிரிக்கல. மிச்சமிருந்த ஊதுவத்தியை எடுத்துக்கினு, "வாக்கா, உன் வீட்டுக்குப் போலாம்"னா.