மாத்திரைக்குப் பதிலாக மரப்பட்டை

மருந்துக்கடை வேலை என்றால் மருந்து விற்பது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பாதி நாள், மருந்து வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்களின் கதையை நின்றுகொண்டே கேட்பதுதான் வேலையாக இருக்கிறது.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டேன். ஏன் என்று எல்லாரும் கேட்டாயிற்று, நீங்களும் கேட்க வேண்டாம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விஜயா அக்காவின் மெடிக்கலில் நிற்கிறேன். அக்கா பார்மசி படித்தவர். சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது அவர். எடுத்து வைப்பது, பில் போடுவது, வாய் கொடுப்பது நான். வீட்டில் இதயத் துடிப்பு தப்பிப்போன ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எட்டிப் பார்க்கிறவர் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் படித்தாலும் தப்பில்லை.

டிரைவருக்குத் தலை சுற்றினால்

எங்கள் கடையில் அதிகம் ஓடுவது வாந்தி மாத்திரை. சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறி வருகிற டூரிஸ்டுகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரியைத் தேட மாட்டார்கள், எங்களைத்தான் தேடுவார்கள். போன வருஷம் மழை விட்ட சமயம், அந்தக் கூட்டத்தில் எங்கள் அப்பாவும் வந்து நின்றார். அப்பா நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பிக்கப் ஓட்டுகிறார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த ரோட்டில் ஏறி இறங்குகிறவர். வண்டியில் வரும்போது தலை சுற்றுகிறது, நெஞ்சுக்குள் கோழி சிறகடிக்கிற மாதிரி இருக்கிறது, ஒரு வாந்தி மாத்திரை கொடு என்றார். நானும் எடுத்துவிட்டேன்.

விஜயா அக்கா என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தார். ரொம்ப நேரம் விடவில்லை. பிறகு என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நாடி ஓடியது, நின்றது, இரண்டு துடிப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது, மறுபடி நின்றது. அடுத்தது வருமா என்று விரல் காத்திருக்கிற அந்த இடைவெளி இருக்கிறதே, அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா குரலை ஏற்றாமல் சொன்னார்: “வளைவுல ஒக்காந்து வர்றவனுக்குத்தான், கண்ணு, தல சுத்தும், ஸ்டேரிங் புடிக்கறவனுக்குச் சுத்தாது. நாளைக்கு வேண்டாம், இப்பவே சேலம் கூட்டிட்டுப் போ.”

பெயர் தெரிந்த பிறகு

சேலத்தில் ஈ.சி.ஜி. எடுத்த டாக்டரம்மா வியாதிக்குப் பெயர் சொன்னார்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அதனால் ரத்தம் அங்கே தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இவ்வளவுதான். இதைக் கேட்ட பிறகு சாப்பாடு இறங்காது, அது வேறு.

மாத்திரை கொடுத்தார். துடிப்பை மட்டுப்படுத்த ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. சாயந்திரம் குடிக்கிற கட்டிங் அடியோடு நிற்க வேண்டும், தொப்பை குறைய வேண்டும், நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். புதிதாக எதைத் தின்றாலும், பொடியோ வேரோ, கேட்டுவிட்டுத் தின்ன வேண்டும். துடிப்பு அடங்குகிற வரை வண்டியைத் தொடக் கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “வண்டி ஓட்டக் கூடாதுன்னா நான் யாரு சாமி?”

போனில் வருகிற டாக்டர்

அதற்குப் பிறகுதான், இதே வியாதிக்காரர்கள் எங்கள் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கண்ணில் பட்டது. ஒரு லாட்ஜ் மேனேஜர். அவருக்கு மெக்னீசியம் வேண்டும், மீன் எண்ணெய் மாத்திரை வேண்டும், பூண்டு மாத்திரை வேண்டும், பெயர் வாயில் நுழையாத இன்னொன்றும் வேண்டும். போனில் யாரோ ஒரு டாக்டரின் வீடியோவைப் பார்த்து எல்லாம் குறித்து வைத்திருந்தார். மீன் எண்ணெய் அதிகமானால் சிலருக்குத் துடிப்பு இன்னும் கெடலாம், பூண்டு மாத்திரை ரத்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் நிற்காமல் போகலாம், கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மெக்னீசியத்தை அள்ளிப் போடக் கூடாது, உங்கள் டாக்டரைக் கேட்டீர்களா என்று அக்கா பொறுமையாகக் கேட்டார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், அவருக்கும் பயம்தான். பயந்தவன் எதையாவது வாங்கினால்தான் தூங்குவான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. போகும்போது சொன்னார்: “டாக்டர் நிமிந்து பாக்கறதுக்குள்ள அடுத்த ஆள் உள்ள வந்துடறானுங்க. போன்ல வர்றவரு ஒரு மணி நேரம் என்னையவே பாத்துப் பேசறாருங்க.”

ரைட்டர் தந்த பொட்டலம்

அப்பாவின் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பெரியசாமி அண்ணன் நல்ல மனுஷன். வண்டி ஓட்டாமல் உட்கார்ந்திருந்த அப்பாவைக் களத்தில் காபி காயப்போடுகிற இடத்தில் மேற்பார்வைக்கு நிறுத்தி, வேலை போகாமல் காப்பாற்றியவர். அவர்தான் மருதம்பட்டைப் பொடியும் கொண்டுவந்து கொடுத்தார். மேலே சீட்டு இல்லை, பெயர் இல்லை, காகிதத்தில் மடித்த பொட்டலம். கடைக்குக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினேன். மருதம்பட்டை இதயத்துக்கு என்று காலம்காலமாகக் கொடுப்பதுதான், ஆனால் இதற்குள் பட்டைதான் இருக்கிறதா, வேறு என்ன கலந்திருக்கிறது, அப்பாவின் மாத்திரையோடு சேருமா, எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவைக் கேட்கிற வரை கொடுக்காதே என்றார்.

அதை அப்படியே போய் ரைட்டரிடம் சொன்னேன். நான் சொல்கிற விதம் கொஞ்சம் முகத்தில் அடிக்கிற மாதிரிதான் இருக்கும், என்ன செய்ய. அவர் சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளில் கை போட்டார்: “உம் பொண்ணு நிக்கறது மாத்திரை விக்கற கடையில முருகேசா, அது அப்படித்தான் பேசும். மரம் பொய் சொல்லாது.”

மரம் சொல்லாது. பொடி பண்ணுகிறவன் சொல்லுவான். இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. எப்போதும் அப்படித்தான்.

கீரையின் அளவு

ரத்தம் உறையாமல் இருக்க அப்பா தின்கிற மாத்திரைக்கும் கீரைக்கும் ஆகாது. அதற்காகக் கீரையை விடவும் கூடாது. ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் விட்டால் மாத்திரையின் வேலை தாறுமாறாகும். அதனால் எப்போதும் ஒரே அளவு. எங்கள் அம்மா அதே எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர். திரும்பி வரும்போது வழியில் முளைத்ததை மடியில் பறித்துக்கொண்டு வருவார். மழைக்கு மூன்று வகை கிடைக்கும், வெயிலுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரே அளவு என்று நான் மூன்றாவது முறை சொன்னபோது கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார்: “மழ ஒரே அளவா பேஞ்சா நானும் ஒரே அளவா ஆக்கறேன், போய் அதுகிட்டச் சொல்லு.”

காபியை விட்ட எஸ்டேட்காரர்

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பா சொன்னபடி கேட்டார். கட்டிங்கை நிறுத்தினார். நாகலூர் ரோட்டில் காலையில் நடந்தார். தொப்பை இறங்கியது. நாடி பிடித்தால் முன்னைக்கு இப்போது எவ்வளவோ அடங்கியிருந்தது. டாக்டரம்மா வண்டி ஓட்டச் சம்மதித்தார். வீட்டில் அன்றைக்குக் கறி.

ஆனால் டாக்டரம்மா சொல்லாத ஒன்றையும் அவர் நிறுத்தினார். காபி. காபி என்றால் படபடப்பு என்று எஸ்டேட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் மாதிரி அது. விடிந்தால் வரக்காப்பி, களத்தில் ஒன்று, லோடு ஏற்றும்போது ஒன்று, இறக்கினால் ஒன்று. அதை ஒரே நாளில் விட்டார். மண்டை பிளந்தது. இதயம்தான் கெட்டுப்போய் மண்டைக்கு ஏறுகிறது என்று பயந்துகொண்டு, என்னிடம் சொன்னால் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன் என்று, நாகலூர் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார். தினமும். ரத்த மாத்திரை தின்கிறவர் அந்த மாதிரி வலி மாத்திரையைத் தொடவே கூடாது. கேட்டால்தானே.

மூக்கில் ரத்தம் வந்தது. துணி நனைந்தது. அப்பா யாருக்கும் சொல்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார்: ரத்தத்தை இளக்குகிற மாத்திரைதான் அளவுக்கு மீறி இளக்கிவிட்டது. நெஞ்சுதான் நன்றாக இருக்கிறதே, ரைட்டரிடம் எனக்குத் தெரியாமல் வாங்கித் தின்கிற பட்டை போதும். ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கடையில் ஒரு நாள் அக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: “ஏன் கண்ணு, உங்கப்பா ரத்த மாத்திரைய வேற கடையில வாங்கறாராட்ட இருக்குது?”

இருவரும் பேசாத வாரம்

அன்றைக்கு வீட்டில் சத்தம் போட்டேன். மாத்திரை நெஞ்சுக்கு இல்லை, மூளைக்கு, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று கட்டிக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் ரத்தம் வந்த துணியைக் கொண்டுவந்து காட்டினார். மூக்கில் ரத்தத்தோடு வளைவில் லோடு வண்டி ஓட்டச் சொல்கிறாயா என்று கேட்டார். தலைவலி மாத்திரை விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவிடம் போகலாம் என்றேன், பழம் பறிக்கிற சீசன் முடியட்டும் என்றார். நான் பேச்சை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். பயம் வந்தால் எங்கள் வீட்டில் இப்படித்தான் காட்டுவோம். அக்காவிடம் புலம்பினேன். “கோவிச்சுக்கோ, ஆனா பக்கத்துலயே இருந்து கோவிச்சுக்கோ,” என்றார்.

கடை வாசலில்

அந்த வாரத்திலேயே ஒரு காலை. லோடு இறக்கிவிட்டு அப்பாவும் ரைட்டரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தார்கள். அப்பா படியேறி என் முன்னால் நின்றார். ஏதோ சமாதானம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து பேச்சு வரவில்லை. நிமிர்ந்தேன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கையிலிருந்த வண்டிச் சாவி கீழே விழுந்தது, அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

ரைட்டர், மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டாயா என்று அவரைத் திட்டினார். பக்கத்துக் கடையில் சூடாக ஒன்று வாங்கிவருகிறேன், குடித்தால் சரியாகும் என்று கிளம்பினார். வாயில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று நான் கத்தினேன். அக்கா அப்பாவைச் சிரிக்கச் சொன்னார். பாதி முகம் சிரித்தது. கையைத் தூக்கச் சொன்னார். ஒன்று வந்தது. நூற்றெட்டுக்கு அடித்தோம்.

மலை இறங்குகிற வழியில், பாதி வளைவு தாண்டியிருப்போம், அப்பாவுக்கு வாய் திரும்பியது. பேச்சு வந்தது. விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். முதல் வேலையாக, சரியாகிவிட்டது, வண்டியைத் திருப்பச் சொல் என்றார், லோடு பாக்கி இருக்கிறது என்றார். எனக்கும் திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சரியானாலும் போயே ஆக வேண்டும், இது எச்சரிக்கை என்று நாங்கள் ஏறும்போதே அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். திருப்ப வேண்டாம் என்றேன். கூட வந்த நர்ஸ் அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “போன கட்டி பெருசு இல்லாட்ட இருக்குதுங்க. அடுத்தது எப்படி வரும்னு அதுதாங்க சொல்லோணும்.”

நிறுத்தியது எதை

ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. தப்பித்தார். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்க, அப்பா தலையைக் குனிந்துகொண்டு காபி, தலைவலி, பெட்டிக்கடை, மூக்கு ரத்தம், பட்டை என்று வரிசையாகச் சொன்னார். எனக்கே அப்போதுதான் எல்லாம் கோத்து வந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. அளவாகக் காபி குடிக்கலாம், தலை வலித்தால் என்ன போடலாம் என்று கேட்டுப் போட வேண்டும், பொடியைக் கொண்டுவந்து காட்டுங்கள், ரத்த மாத்திரை மட்டும் நான் நிறுத்தச் சொன்னால்தான் நிற்கும் என்றார். மறுபடி சில வாரம் வண்டி கிடையாது. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னது பாராட்டுகிற மாதிரியும் இருந்தது, அடிக்கிற மாதிரியும் இருந்தது: “நீங்க நல்லாத்தான் மாறியிருக்கீங்க. அந்த மாத்திரையும் கூட இருந்திருந்தா இன்னைக்கு இங்க வந்திருக்கவே மாட்டீங்க.”

தினமும் காலையில்

இப்போது அப்பா எல்லா மாத்திரையும் தின்கிறார், நடக்கிறார், ஒரு டம்ளர் காபி குடிக்கிறார். துடிப்பு சில நாள் அடங்கியிருக்கிறது, சில நாள் இல்லை. இது முழுதாகப் போய்விடும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நான் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவரைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்கிறேன். வாய் நேராக இருந்தால்தான் செருப்பைப் போடுவேன். ஒரு நாள் களத்தில் ஆட்கள் முன்னால் நான் கேட்டபோது அவருக்கு வெட்கமாகிவிட்டது, முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரைட்டர்தான் வந்து முதுகில் தட்டினார்: “சிரிச்சுத் தொல முருகேசா, அந்தப் புள்ள நிக்குது பாரு.”

மற்ற வீட்டுப் பெண்களுக்கு அப்பா முறைத்தால் பயம். எனக்கு, அவர் சிரிக்கத் தொடங்கி முடிக்கிற வரைக்கும்.