ஜெபராஜ் கீரிப்பாறைக்கு நடக்க வந்த கதை

போன சனிக்கிழமை நாகர்கோவில் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் கீரிப்பாறைக்குப் போய் வந்தோம். ஓடை பார்ப்பது பாதிக் காரணம். என்கூடப் படித்த ஜெபராஜை வெளியே கொண்டுவருவது மீதி.

தக்கலையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். சில மாதங்களுக்கு முன் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வீடு, கடை தவிர எங்கும் அசையவில்லை. நடக்காதவர்களுக்கு என்னென்ன நோய் வரும் என்று நான் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பதில் வந்தது: "மக்கா, ஒனக்க மெசேஜப் பாத்தாலே நெஞ்சு படபடங்குது. நிறுத்து."

நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்து இப்படி எழுதினேன்: "கீரிப்பாறையில நல்ல மழை. ஓடையில தண்ணி வருதாம். சனிக்கிழம போறேன், வாறியா?"

"எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.

நாகர்கோவில் வடசேரியில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டர் சொச்சம். இறங்கி, ரப்பர் தோட்டத்து வழியாக ஓடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. முதல் ஏற்றத்திலேயே ஜெபராஜ் நின்றுவிட்டான். கை நெஞ்சில் இருந்தது.

"வலிக்கா?"

"வலியில்ல. வந்துருமோன்னு இருக்கு. திரும்புவமா?"

"திரும்புவோம்" என்றேன். நிஜமாகவே திரும்பி நின்றேன். இழுத்துக்கொண்டு போனால் இனி எங்கும் வரமாட்டான்.

ரப்பர் பால் வாளியோடு ஒரு அக்கா இறங்கி வந்தார். "ஓட பாக்க வந்தியளா? அந்த வளவு தாண்டினா சத்தம் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெபராஜ் வளைவைப் பார்த்தான். "சத்தம் கேட்டுட்டுப் போவோம்" என்றான். சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தான்.

ஓடையில் காலை நனைத்தபடி மனைவி லில்லிக்கு வீடியோ கால் போட்டான்.

"நடந்தா போனிய?"

"நடந்துதான்."

"தண்ணியக் காட்டுங்க" என்றாள்.

போகிறவர்களுக்கு: மழைக்குப் பின் அட்டை கடிக்கும், உப்பு கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடமே கேட்டுவிடுங்கள். காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். உடம்பு சரியில்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். யாரையாவது நடக்கக் கூப்பிடுவதாக இருந்தால், நோயைப் பற்றி எழுதாதீர்கள். அங்கே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

நேற்று சாயங்காலம் சார்ஜர் வாங்க அவன் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "குளத்தங்கரைக்கு நடக்கப் போயிருக்காரு" என்றார் பக்கத்துக் கடைக்காரர். சார்ஜர் வாங்காமலே சந்தோஷமாக வீடு திரும்பினேன்.