ஆழ்துளைக்குள் ஒரு குடம் வெந்நீர்

பூமியின் சூட்டைக் கூட்டுவதற்காக ஆழ்துளைக்குள் ஒரு குடம் வெந்நீர் ஊற்றிய ஆள் நான். சின்ன வயதில் செய்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்போது எனக்கு ஐம்பது முடிந்திருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சாயப்பட்டறை. பட்டு நூலில் சாயம் ஏறவேண்டுமானால் முதலில் அதைக் கொதிநீரில் அவித்துப் பசையை எடுக்கவேண்டும். அந்த அடுப்பு என் மனைவியின் பொறுப்பு. நிறம் பார்ப்பது என் பொறுப்பு. அதாவது நிழலில் நிற்பது. விறகுப் புகையில் அவளுக்கு இருமல் நிற்கவே இல்லை. டாக்டர், "புகைய விட்டு தள்ளி இருங்கம்மா" என்றார். தள்ளிப்போனால் நூலை யார் அவிப்பது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்தார். பூமிக்குள் கொஞ்சம் ஆழம் போனால், வெயிலுக்கும் மழைக்கும் மாறாத ஓர் இளஞ்சூடு இருக்கிறதாம். குழாய் இறக்கி அதை எடுத்து ஓர் இயந்திரத்தால் பெருக்கினால், அண்டாவுக்கு வேண்டிய சூட்டில் பாதி கிடைத்துவிடும். மீதிக்குத்தான் விறகு. ஆராய்ச்சி அவருடையது, மானியம் கைத்தறித் துறை அதிகாரி வழியாக, இயந்திரம் ஒரு கம்பெனி இன்ஜினியருடையது. முதல் நாள் மூவரும் வந்தபோது ஒருவர் காபி கேட்டார், ஒருவர் டீ, ஒருவர் வெறும் தண்ணீர். இவர்கள் எங்கே ஒன்றுசேரப் போகிறார்கள் என்று நினைத்தேன். சேர்ந்துவிட்டார்கள். அதிகாரி அனுமதி வாங்கிக் கொடுத்தார், இன்ஜினியர் கொல்லைப்புறத்தில் துளை போட்டார், பேராசிரியை ஒரு நீளக் கம்பியில் இடைவெளி விட்டு வெப்பமானிகளைக் கோத்து உள்ளே இறக்கினார்.

"மூணு நாள் யாரும் தொடக்கூடாது அண்ணா. சூடு சீரா இருந்தா இங்கயே மெஷின் வெச்சிடலாம்."

"ஈ காக்கா அண்டாதும்மா" என்றேன்.

ஈ காக்கா அண்டவில்லைதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது அண்டா வைத்தால், பழைய அண்டாவில் கொதிக்கிற நீரை ஒரு சொம்பு எடுத்து முதலில் அதில் ஊற்றுவோம். சூடு சூட்டைக் கூப்பிடும் என்று நம்பிக்கை. மூன்றாம் நாள் காலை, அவர்கள் வர அரைமணி இருக்கும்போது எனக்கு அது ஞாபகம் வந்தது. இந்தத் துளையும் ஓர் அண்டாதானே! இத்தனை ஆழமான அண்டாவுக்கு ஒரு சொம்பு ஊற்றினால் அதற்கு மரியாதையா? ஒரு குடமாக ஊற்றினேன்.

மூவரும் வந்தார்கள். பேராசிரியை கணினியைத் திறந்தார். எட்டிப் பார்த்த இன்ஜினியர், "மேலயே இவ்ளோ சூடா! சூப்பர் சைட் மேடம்!" என்று குதித்தார். அதிகாரி உடனே மேலிடத்துக்குப் போன் போட்டார். என் நிலத்துக்குள் நானே சூடு வைத்து வளர்த்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "மேல இருக்கற ஒண்ணு மட்டும் ஏறியிருக்குது. கீழ எல்லாம் அப்படியே இருக்குது. உள்ள ஏதோ ஊத்து கலக்குது போல. இத நம்பி இங்க மெஷின் வைக்க முடியாது. வேற பட்டறை பாக்கலாம்."

அடுப்படியில் என் மனைவி இருமினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவர்கள் கம்பியைச் சுருட்டப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்... அது ஊத்து இல்ல. நான்தான்" என்றேன்.

"நீங்களா?"

"ஒரு கொடம் வெந்நீ. வழக்கம் மேடம்."

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரி, "யோவ், மேல சொல்லிட்டேன்யா! இப்ப மறுபடி போன் போட்டு இன்னான்னு சொல்றது? ஒரு கொடம் வெந்நீன்னு சொல்றதா?" என்று கத்தினார். பேராசிரியை கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இன்னும் மூணு நாள்" என்றார். துளைக்கு மூடி போட்டுப் பூட்டினார்கள். நான் கை நீட்டினேன். சாவி என் மனைவியிடம் போனது.

அடுத்த மூன்று நாளும் சூடு கோடு போட்டதுபோல் சீராக இருந்தது. மூவரும் எங்கள் பட்டறையிலேயே ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இயந்திரம் வந்தது. இப்போது குழாயைத் திறந்தால் அண்டாவில் நல்ல சூட்டோடு தண்ணீர் விழுகிறது. கொதி வருவதற்கு நாலு கட்டை விறகு போதும். அவள் இருமல் முழுக்கப் போகவில்லை, ஆனால் நடுநடுவே பாட்டு முணுமுணுக்கிற அளவுக்கு மூச்சு இருக்கிறது.

போன வாரம் தென்னேரியிலிருந்து ஒரு சொந்தக்காரர் இதைப் பார்க்க வந்தார். பூமியின் சூடு, அரசாங்கம், ஆராய்ச்சி, கம்பெனி, நடுவில் நான் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டு, துளையைத் திறந்து காட்டலாம் என்று அவளிடம் சாவி கேட்டேன்.

அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, குழாதான் இருக்குது. மூணு பேரும் செஞ்சாங்க, நீ இன்னாயா செஞ்ச? போயி நூல அலசு."