அண்ணன் அடித்த தகடு ஏன் துருப்பிடித்தது

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. "கடைசி வரைக்கும் அவரோட மல்லுக்கு நின்னவ நீதான், நீயே எழுது" என்றார். எனக்கு அலங்காரமாக எழுத வராது. பிளஸ் டூவோடு படிப்பு முடிந்தது. ஆறு நாளாக வயல் வேலைக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது.

ஆனாலும் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அண்ணன் தன் கையால் அடித்துப் போட்ட கார்த் தகடு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, அவருக்குத் தொழில் சுத்தமில்லை என்று ஒரு பேச்சு நம் சொந்தத்தில் இருக்கிறது. போன வருடம் வாசலில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொல்லி இரண்டு பேர் சிரித்தது என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சு பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மிச்சம் இருப்பது நான்.

அண்ணன் பிறந்தது நன்னிலம் பக்கம் எங்கள் ஊரில், வாய்க்கால் கரைக் கூரை வீட்டில். அவர் மூத்தவர், அடுத்து அக்கா, கடைசி நான். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மிராசுதார் வீட்டுப் பண்ணையில் வேலை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். மூட்டை தூக்கித் தூக்கி அப்பாவுக்கு இடுப்பு போனபோது அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் தகட்டு வேலை படித்தார். கும்பகோணத்தில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சில வருடம், பிறகு பேருந்துப் பணிமனையில் டிங்கர் வேலை. முப்பது வருடம் இடிபட்டு வந்த பஸ்களின் நெளிசலை எடுத்தார். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா கல்யாணம், என் கல்யாணம், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மாடி வீடு, மூன்று ஏக்கர் நிலம் எல்லாம்.

என் வீட்டுக்காரர் இறந்து நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. "வயல் கெடக்கு, நீ பாத்துக்க" என்றார். அண்ணியும் கேட்கவில்லை. மற்ற எல்லோரும் கேட்டீர்கள். எத்தனை நாள் இருப்பாய், அண்ணன் சோறு செரிக்கிறதா என்றெல்லாம் கேட்டீர்கள். யார் யார் என்று எழுதினால் பக்கம் போதாது. விட்டுவிடுகிறேன்.

அண்ணன் ஓய்வு பெற்ற வருடம் மிராசுதார் வீட்டை இடித்தார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கொட்டகையில் கிடந்த பழைய சீமைக் காரைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். அண்ணன் அதை வாங்கி டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். பின் சீட்டில் கோழி முட்டை இட்டிருந்தது. அடித்தளம் பாதிக்கு மேல் இல்லை, தரை தெரிந்தது. இடது பக்க மட்கார்டு தொட்டால் உதிர்ந்தது.

அந்தக் காரைச் சேற்றிலிருந்து அப்பா எத்தனையோ தடவை தள்ளியிருக்கிறார், ஒரு தடவையும் ஏறியதில்லை. அதற்குப் பழி தீர்க்கத்தான் அண்ணன் வாங்கினார் என்று சிலர் பெரிதாகப் பேசினீர்கள். நான் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"அப்பாவ நெனச்சா வாங்குனீங்க?"

"அப்பாவுக்கு இந்த வண்டியக் கண்டாலே ஆகாது. நீ இந்த வலது மட்கார்ட பாரு. எப்படி வழிஞ்சு எறங்குது பாத்தியா? இத ஒருத்தன் அடிச்சிருக்கான் பாப்பா."

அவ்வளவுதான் காரணம். அவருக்குத் தகடு பிடிக்கும்.

எனக்குப் பிடிக்கவில்லை. காரை நிறுத்தியது நான் உரம் வைக்கும் கொட்டகையில்.

"ஒர மூட்டைய எங்க வைக்கிறதாம்? உங்க தலையிலயா?"

"ஓரமா வச்சுக்க. அது பாட்டுக்கு நிக்கப்போவுது."

"அது நிக்கும். எனக்குத்தான் நிக்க எடமில்ல."

சிரித்தார். இப்படித்தான் ஐந்து வருடம் ஓடியது.

அந்தக் காருக்கு எந்தச் சாமானும் கடையில் கிடைக்காது. எல்லாம் கையால் செய்தார். வலது மட்கார்டின் மேல் பழைய பிளக்ஸ் துணியைப் போர்த்தி, வளைவுக்கு ஏற்ப வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்கு அளவு எடுத்தார். பிளக்ஸ் எல்லாம் கண்ணீர் அஞ்சலிக்கு வைத்தவை, காரியம் முடிந்ததும் கேட்டு வாங்கி வருவார். செத்துப்போனவர்கள் முகத்தில் எல்லாம் அளவுக் கோடு. அண்ணி சத்தம் போடுவார். "அவங்க ஒண்ணும் சொல்லல, நீதான் கத்துற" என்பார் அண்ணன். தோல் பையில் ஆற்று மணலைக் கட்டி, அதன் மேல் தகட்டை வைத்து மரக் கொட்டாப்புளியால் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஒரு திருப்பு. காலையில் நான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது ஆரம்பிக்கும் சத்தம், நான் திரும்பி வரும்போதும் கேட்கும். அந்த ஒரு மட்கார்டுக்கு ஒரு வருடம். கதவுக் கைப்பிடியை மெழுகில் செதுக்கி, குத்துவிளக்கு வார்க்கும் ஒருவரிடம் கொடுத்து, காவிரி வண்டல் மண் பூசி வெண்கலத்தில் வார்த்து வாங்கினார். திருகாணிகளுக்கு நன்னிலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்வமணி.

"சார், இந்த அளவு நட்டு எந்தக் கடையிலயும் வராது. விட்டுடுங்க சார்."

"கடையில வந்தா உன் மூஞ்சில எதுக்குய்யா முழிக்கிறேன்? கடைசல் போடு."

போடுவார். அண்ணன் கையில் வாங்கித் திருகிப் பார்த்து, மறுபடி கொடுப்பார். செல்வமணி அதையும் போடுவார்.

அடித்தளத்தை மூன்று தகடாக அடித்து, ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்துச் சேர்த்தார். அந்த மடிப்பைப் பார்க்க அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். பழைய கார் வைத்திருக்கும் இரண்டு பேர் கும்பகோணத்திலிருந்து வந்து, தங்கள் கார்களுக்கும் இப்படிச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அன்று அண்ணன் இரண்டு தடவை டீ போடச் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் தன் தொழிலைத் தேடி ஆள் வருகிறது என்று சந்தோஷப்பட்டார். அதைப் பார்த்தேன். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஆறவே இல்லை.

அடித்தளத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு அடித்த ஐப்பசியில் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. வெல்டிங் புகையும் பெயிண்டும் முப்பது வருடம் உள்ளே போயிருந்தன. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள். அண்ணி கூட இருந்தார். நான் மட்டும் வீட்டில். அந்தப் பத்து நாளும் விடாத மழை. கொட்டகைக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு ஒன்று உடைந்து தண்ணீர் கொட்டியது, தரையிலும் தண்ணீர் ஏறியது. சம்பாப் பயிருக்கு வாங்கி வைத்த எட்டு மூட்டை பொட்டாஷ் உரம் தரையில். நனைந்தால் கரைந்து போய்விடும். வீட்டுக்குள் தூக்கிப்போக என்னால் முடியவில்லை. கொட்டகையில் நனையாத இடம் கார் ஒன்றுதான். எட்டையும் காருக்குள் அடித்தளத்தில் அடுக்கினேன்.

பொட்டாஷ் என்பது உப்பு. ஈரத்தை இழுக்கும். இரும்பைத் தின்னும். அதை அள்ளித் தெளிக்கும் தகரத் தட்டு ஒரு வருடத்தில் ஓட்டையாவதை வருடா வருடம் பார்க்கிறவள் நான். ஆனாலும் அன்று எனக்குப் பயிர்தான் கண்ணில் இருந்தது.

மழை விட்டதும் எடுத்தேன். இரண்டு மூட்டை கிழிந்திருந்தது. பொட்டாஷும் சிவப்பு, ரெட் ஆக்சைடும் சிவப்பு. எது எது என்று தெரியவில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தேன். கழுவியதுதான் பெரிய தப்பு. உப்பெல்லாம் கரைந்து மடிப்புக்குள் போய்விட்டது.

அண்ணன் வந்து தொட்டுப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ஈரமா இருக்கு?"

"கூரை ஒழுகிச்சுண்ணே."

ஒழுகியது உண்மை. மீதியைச் சொல்லவில்லை. காய்ந்ததும் அவர் தார் பூசி, மேலே ரப்பர் விரிப்பும் போட்டுவிட்டார்.

அடுத்த ஆவணியில் அக்கா மகள் கல்யாணம், கீழ்வேளூர் மண்டபத்தில். பெண் அழைப்புக்கு மாமா காரில்தான் வருவேன் என்று அவளே பிடிவாதம் பிடித்தாள். கார் ஓடியது. இங்கிருந்து கீழ்வேளூர் வரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மண்டப வாசலில் மேளம் வாசிக்க, அத்தை மாமன் எல்லாரும் ஆரத்தித் தட்டோடு நிற்க, அக்கா வீட்டுக்காரரான என் அத்தான் முதலில் இறங்கக் காலை ஊன்றினார். மடிப்பு விட்டுக்கொண்டு, கால் முழங்கால் வரை தளத்துக்குள் போய்விட்டது. முழங்காலில் சிராய்ப்பு, வேட்டி கிழிசல். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசிப்பை நிறுத்தினார்.

"என்ன மச்சான், கால்ல ஓட்டுற வண்டின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் அத்தான்.

கூட்டம் சிரித்தது. அத்தானும் சிரித்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அன்றோடு முடியவில்லை. "ஓட்டை டிங்கர்" என்று பெயர் வைத்தீர்கள். பணிமனைக்காரர்கள் வரைக்கும் அந்தப் பெயர் போனது. கும்பகோணத்துக்காரர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் விரிப்பைத் தூக்கி, மடிப்பை உளியால் நெம்பிப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே சிவப்பாகக் கட்டி கட்டியாக இருந்தது. ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அத்தான் பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்னதான் ஆச்சு மச்சான்?"

"பிரைமர் சரியா அடிக்கல மாப்ள. என் தப்புதான்."

அத்தான் போன பிறகு நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, அந்தப் பொட்டாஷு..."

"தெரியும். அவன்கிட்ட சொன்னா இதுக்கும் சேத்து உன்னையத்தான் பேசுவானுங்க. ஏற்கனவே பேசுறது பத்தாதா?"

"அதுக்காக ஒங்க தொழில அசிங்கப்படுத்துவீங்களா?"

"நாலு நாள் சிரிப்பானுங்க. வுடு."

நாலு நாள் இல்லை, மூன்று வருடம் சிரித்தீர்கள். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அவர் திட்டவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு வாங்குவதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். வேறொன்றும் இல்லை.

அடித்தளத்தை முழுவதும் பிரித்து மறுபடி அடித்தார். இந்தத் தடவை பத்துத் தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குவார். தகட்டின் மறுமுனையை நான் பிடித்தேன். நடவு நேரத்திலும் பிடித்தேன். இரண்டரை வருடம். முடித்த மறுநாள் காலை வண்டியை வெளியே எடுத்தார். முன்னால் அண்ணி, பின்னால் நான். வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்பினோம். நான் பயந்துகொண்டு காலைச் சீட்டின் மேல் தூக்கி வைத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"கால கீழ வை பாப்பா. நல்லா ஊனி வை."

வைத்தேன். அசையவில்லை.

அதன் பிறகு அவர் எழுந்து நடந்தது குறைவு. கதவு ஒன்றுக்கு வேலை பாக்கி இருந்தது, செய்ய முடியவில்லை. வீட்டில் ஆக்சிஜன் வைத்தோம். அடுத்த வருடம் மாசியில் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்காம் நாள் மதியம், அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கி உட்கார வைத்த செவிலியர்களுக்கு, சொல்லாமலே ஆட்டோ கொண்டுவந்த தெருக்காரர்களுக்கு, காரியத்துக்குச் சமைத்தவர்களுக்கு நன்றி. மீதிக் கதவின் கீலைச் செய்துகொண்டுவந்து, "சார் அளவுதாங்க்கா" என்று மாட்டிவிட்டுப் போன செல்வமணிக்கு நன்றி. ஒரு நாளும் என்னை விருந்தாளியாக நடத்தாத அண்ணிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதைப் படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் போட்டுட்டியா? சரி, போடு" என்றார்.

அத்தான், உங்கள் கால் சிராய்ப்புக்குக் காரணம் நான். அண்ணன் இல்லை. கும்பகோணத்துக்காரர்கள் இரண்டு பேருக்கும் இந்த மலரைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கார் யாருக்கு என்று கேட்கிறவர்களுக்கு: அது அண்ணியுடையது. சாப்பாடு முடிந்ததும் யாரும் உடனே கிளம்ப வேண்டாம். வண்டி கொல்லையில் நிற்கிறது. விரிப்பை எடுத்துவிட்டேன், தார் பூசவில்லை, மடிப்பு வெளியே தெரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஏறி அந்த மடிப்பின் மேல் நில்லுங்கள். குதித்தும் பாருங்கள். அத்தான் முதலில் ஏறட்டும்.

இப்படிக்கு,
தங்கை