நனைக்காத சுவர்

பழங்காநத்தத்தில் எங்கள் வீடு வடக்கு பார்த்தது. ஐப்பசி மழை நேராக முகப்பில்தான் வந்து அறையும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, உதிர்ந்துபோன பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச அப்பா முடிவு செய்தார். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, ஆவணியில் பூசி முடித்தார். தடவிப் பார்த்தால் சங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, பதினஞ்சு நாளைக்குக் காலையும் சாயந்தரமும் செவுத்த நனைச்சிருங்க. காத்து அம்புட்டு அடிக்குது. வெரசாக் காஞ்சா சாந்து பிடிக்காது."

எனக்கு இருபத்திநான்கு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். பருத்திக் கொள்முதலுக்காக அப்பா திருமங்கலத்தில் தங்கியிருந்தார். நான்கு நாள் கிணற்றில் இறைத்து ஊற்றினேன். ஐந்தாம் நாள் நண்பர்களோடு சீட்டாட உட்கார்ந்தவன், அப்புறம் வாளியைத் தொடவில்லை. மனைவி கேட்டபோது, "ஊத்தியாச்சு" என்றேன். அவள் வெளியே போய்க் காய்ந்த சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஐப்பசியில் இரண்டாம் மழைக்கே கதவகலப் பூச்சு பெயர்ந்து தெருவில் விழுந்தது. அப்பா கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். தெருவே கூடி நின்றது. அவர் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சாந்து பிடிக்காமல் எங்கும் பொள்ளலான சத்தம்.

"தண்ணி ஊத்துனீகளா தம்பி?"

"ரெண்டு வேளையும் ஊத்துனேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "எங்கிட்டதான் கோளாறு போலருக்கு அய்யா. மழ விடட்டும், திரும்பப் பூசித் தாரேன்" என்றார்.

தையில் வந்து பூசினார். இந்த முறை தண்ணீர் ஊற்றும் வேலையை அவர் மனைவியே செய்தாள். பதினைந்து நாளும் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதை மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய் ஒரு வாளி வாங்கி ஊற்றியிருக்கலாம். போகவில்லை. அதற்குள், கொத்தனார் வேலை சரியில்லை என்று அப்பா சொன்னதைக் கேட்டு, எங்கள் தெருவில் அவரிடம் வேலை சொல்லியிருந்த இரண்டு வீட்டார் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்த வருஷம் அப்பா இறந்தார். அதன் பிறகுதான் எனக்கு நாகமலை புதுக்கோட்டை போகத் துணிச்சல் வந்தது. கொத்தனார் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. தட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"அம்புட்டு சனத்துக்கு முன்னாடி, உங்க அய்யாகிட்ட, மகன் பொய் சொல்றான்னு எப்பிடிச் சொல்ல?" என்றவர், கூடவே கேட்டார்: "அய்யாட்டயாச்சும் சொன்னீகளா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அந்த இரண்டு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். முதல் வீட்டுக்காரர், "எந்தக் கொத்தனாரு?" என்று கேட்டார். இரண்டாம் வீட்டில் காப்பி கொடுத்து, "இம்புட்டு வருசங்கழிச்சு இது எதுக்கு மாப்ள?" என்று சிரித்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.