இன்னாசி கொண்டுபோன தாம்பூலத் தட்டு

இன்னாசிமுத்துவின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. எடுத்த வேகத்தில், "என்னா மச்சான், கோவம் தீந்துதா?" என்று கேட்டேன். எதிர்முனையில் வேறு ஆள். "சார், நான் வடலூர் பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வச்சிருக்கறன். இந்த போன்காரரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நீங்க அவருக்கு என்னா வேணும்?" என்றார். என்ன வேண்டும் என்று நான் சொல்ல? சிதம்பரம் மேலவீதியில் எனக்கு மோட்டார் பைக் உதிரிபாகக் கடை. ஷட்டரைப் பாதி இறக்கியும் இறக்காமலும் கிளம்பினேன். சேத்தியாத்தோப்பு தாண்டும்போது மறுபடி அழைத்தார்கள். அதற்குமேல் வேகமாக ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை என்று சொன்னார்கள். நான் வேகமாகத்தான் ஓட்டினேன்.

'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை. கல்லூரி நாளிலிருந்து திட்டிக்கொண்டே பழகியவனுக்கு இப்போது போய் மரியாதை கொடுத்தால், எழுந்து வந்து சிரிப்பான். கடலூர் முதுநகரில் ஐஸ் பிளாண்ட் மேனேஜராக அவனைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். எங்கள் கால்பந்து கிளப்புக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவனாக மஞ்சக்குப்பம் மைதானத்தில் பார்த்தவர்களும் இருப்பீர்கள். நான் அந்தக் கிளப்பின் செயலாளர். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் போகிற அன்று அவன் தனியாக ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதைச் சொல்லாமல் நல்லதை மட்டும் சொன்னால் இது பொய்யாகிவிடும்.

அவன் பழைய கோல்கீப்பர். அதனாலோ என்னவோ, ஆட்டத்தை ஒருநாளும் கேலரியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. எதிர் அணியின் கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். வலது பாக்கெட் நிறைய வறுத்த முந்திரி. புதிதாக எடுத்த ஆட்டக்காரன் பந்து வருவதற்கு முன்பே சரியான இடத்துக்கு வந்து நின்றால், ஒரு முந்திரி இடது பாக்கெட்டுக்குப் போகும். கோல் விழுந்ததா இல்லையா என்பது அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் இடது பாக்கெட்டில் இருப்பதைத்தான் தின்பான், வலது பக்கம் மிச்சம் இருப்பது எனக்கு. ஒருநாள் எங்கள் ஆள் மூன்று கோல் போட்டு ஊரே அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. இன்னாசி என் கையில் குவியலாக முந்திரியைக் கொட்டினான். "இன்னைக்கு எனக்குப் பட்டினி மச்சான்," என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒன்றையும் விடாமல் நானே தின்றேன்.

கம்மாபுரம் கலையரசன் இந்த சீசனில்தான் வந்தான். பத்தொன்பது வயது. அப்பா சுரங்கத்தில் கூலிக்குப் போகிறவர். கலையோடு எங்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான், சீசனோடு முடிந்துவிடும். யாரும் அவனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தொட்டதெல்லாம் கோலானது. காலில் பட்டது போயிற்று, முழங்காலில் பட்டதும் போயிற்று. ஒரு தடவை முதுகில் பட்டதுகூட உள்ளே போனது. சென்னையிலிருந்து பெரிய கிளப்காரர்கள் எனக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே மூன்று வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும், நாளைக்கே நீட்டிக்க வேண்டும் என்று கமிட்டியில் நின்றுகொண்டே பேசினேன். உட்கார்ந்து பேசுகிற விஷயமா அது? கிளப்புக்குப் பணம் போடுகிற எங்கள் தலைவர் தண்டபாணியும் தலையாட்டினார். இன்னாசி மட்டும் "இப்ப வேணாம்" என்றான்.

"ஏன்டா, காத்துள்ளபோதே தூத்திக்கணும்னு உனுக்குத் தெரியாதா?"

"தூத்துறதுக்குத்தான் மச்சான் காத்து வேணும். எடை போடுறது காத்து நின்ன பொறவுதான்."

"நீ ஐஸ் விக்கிறவன். கரையறதுக்குள்ள விக்கணும், வாங்கணும். இது உனுக்கு நான் சொல்லணுமா?"

"பையன் ஐஸ் கட்டி இல்லடா," என்றான்.  

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது, கொஞ்சம் இறங்கி வந்து விளக்கினான். இப்போது போனால் நாம் கோலைத்தான் கேட்டு வந்ததாக அந்த வீடு நினைக்கும். நாளைக்கு கோல் நின்றால், வாங்கினதைக் கொடுக்க முடியாத கடன்காரன்போல அந்தப் பையன் நம் முகத்தைப் பார்க்கவே கூசுவான். அவன் நிஜமாக யார் என்றும் நமக்கு இன்னும் தெரியாது. "கோல் அடிக்கிறவன்கிட்ட ஊரே பேசும். அடிக்காதப்ப யாரு வந்து பேசுறாங்கன்னு அவன் பாத்துக்கிட்டே இருப்பான்," என்றான். எனக்கு அது கேட்க அழகாக இருந்தது, கிளப் நடத்த உதவாது என்றும் பட்டது. அதற்குள் சென்னைக்காரன் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "போனா போவட்டும். நல்லா இருக்கட்டும்," என்றான். இவனோடு எப்படிப் பேசுவது, நீங்களே சொல்லுங்கள்.

சீசன் பாதியைத் தாண்டியதும் கலையின் கோல் நின்றது. ஒரு மாதமே ஓடியது. பாக்ஸுக்குள் நுழைகிறான், நிற்கிறான், அடிக்கிறான், கோல்கீப்பர் மேலேயே அடிக்கிறான். காலி போஸ்டுக்கு மேலே அடிக்கிறான். பெயரைச் சொல்லிக் கைதட்டியவர்களே பெயரைச் சொல்லித் திட்டினார்கள். சென்னையிலிருந்து வந்த போன்களும் நின்றன. கமிட்டியில் தண்டபாணி, "நல்லவேளை, இன்னாசி அன்னைக்குத் தடுத்தாரு. இல்லன்னா வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா ஆயிருக்கும்," என்று சிரித்தார். இன்னாசி எழுந்தான். "இப்பதான் போவணும். தட்டு எடுங்க," என்றான்.

தட்டு என்றால் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். ஒப்பந்தத்தை நீட்டிக்க ஆட்டக்காரனின் வீட்டுக்குப் போனால் வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு, பூ வைத்த தாம்பூலத் தட்டோடுதான் போவோம். முதன்முதலில் வெறுங்கையை வீசிக்கொண்டு போனபோது, அந்த வீட்டு அம்மா, "என் புள்ளயக் கேட்டு வரீங்க, பொண்ணு கேட்டு வரவங்ககூட இப்படி வர மாட்டாங்களே," என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தட்டுதான். காகிதத்தில் கையெழுத்து பிறகு வரும். தட்டு கைமாறிவிட்டால் இரண்டு பக்கமும் பின்வாங்கக் கூடாது.

நான் அன்று கத்தியதைக் கட்டிடத்துக்கு வெளியே நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். "அடிக்கிறப்ப வேணாம்ன. அடிக்காதப்ப வேணும்ன்ற. உனுக்கு என்னா மூள கலங்கிடுச்சா?" என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "கோலு நின்னுடுச்சி மச்சான். வந்து நிக்கிறது நிக்கல. முன்ன விட ஜாஸ்தி எடத்துல வந்து நிக்கிறான். எல்லாரும் திட்டுறப்பவும் பந்து கேக்குறான் பாரு. இந்த மாசத்துலதான் அவன் யாருன்னு எனுக்குத் தெரிஞ்சிது." தலைவர் வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். கூட்டம் முடிந்தது. அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை வடலூரிலிருந்து அந்தப் போன் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவனுடைய தோள்பையை என் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. திறந்தால் எங்கள் கிளப்பின் எவர்சில்வர் தட்டு. உள்ளே ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், மடித்த காகிதத்தில் கொஞ்சம் சர்க்கரை. நம் பக்கத்தில் தாம்பூலம் வந்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. எங்களிடம் சொல்லாமல் பஸ் பிடித்து, கம்மாபுரம் போய், தட்டை மாற்றிக்கொண்டு, திரும்புகிற வழியில் வடலூரில் பஸ் மாற இறங்கியிருக்கிறான். அந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லியிருந்தால் கார் எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருப்பேன், ஆனாலும் வந்திருப்பேனே. அந்த வெயிலில் எதற்கடா உனக்கு பஸ்? இன்றுவரை இதை அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதுநகர் தேவாலயக் கல்லறையில் அடக்கம் முடிந்து வெளியே வரும்போதே தண்டபாணி என் தோளில் கை போட்டார். "பாவம் நல்ல மனுஷன். ஆனா அவரா போயி குடுத்த வாக்குக்கு கிளப் எப்படிங்க பொறுப்பாவும்? கமிட்டி வேணாம்னுதான சொல்லிச்சி. நீங்களும்தான சொன்னீங்க. பையன் வீட்டுல நீங்களே போயி பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க," என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பையன் இனிமேல் அடிப்பான் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஆனால் நாலு நாள் கடையில் எதைத் தொட்டாலும் கை தவறியது. கிளட்ச் கேபிள் கேட்டவருக்கு பிரேக் கேபிள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் கம்மாபுரம் கிளம்பினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று வண்டியை நிறுத்துகிற வரை எனக்கே தெரியாது.

கலையின் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "அன்னைக்குக் காலைலதான் சார் சொன்னான். இனிமே ஆட்டத்துக்குப் போவல, அப்பாகூட வேலைக்குப் போறேன்னு. துணியெல்லாம் மூட்ட கட்டி வச்சிட்டான். நாங்க என்னா சொல்லி நிறுத்துறது? மத்தியானம் அவரு வந்தாரு. தட்ட எறக்கி வச்சாரு. கோலப் பத்தி ஒரு வார்த்த கேக்கல சார். 'பையன் ராத்திரில சாப்புடறானாம்மா'ன்னுதான் கேட்டாரு. எனுக்கு அழுவ வந்துடுச்சி. அவன் சாப்புட்டு எத்தன நாளாச்சின்னு எனுக்குத்தான தெரியும்? பொறவு அவனக் கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு, அவருக்கும் சோறு போடச் சொன்னாரு. அவரு சாப்புட்டாரு. இவனும் சாப்புட்டான்."

கலை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மெலிந்துபோயிருந்தான். என் முகத்தில் அவன் என்ன படித்தானோ, அவனே சொல்லிவிட்டான்: "சார், அவரா வந்தாருன்னு ஊருல பேசிக்கிறாங்க. கிளப்புக்கு இஷ்டம் இல்லன்னா பரவால்ல. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். அந்த வெத்தலபாக்க நான் திருப்பிக் குடுத்துடறன்."

"வாய மூடுறா," என்றேன்.  "கொண்டுபோயி யாருகிட்டடா திருப்பிக் குடுப்ப?"

  அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கலையின் அப்பா மட்டும், "சாப்புட்டுப் போங்க சார்," என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் கமிட்டியில் நின்றேன். இன்னாசி தனியாகப் போனது தப்பு, ஆனால் அவன் கையில் இருந்தது நம்முடைய தட்டு என்றேன். தண்டபாணி ஒன்றுதான் கேட்டார்: "மூணு வருஷத்துக்கு நீட்டிச்சி, பையன் அடிக்காமலே போயிட்டா?" அடிக்காமல் போனால் நாம் தோற்போம், இதுவரை தோற்காத கிளப்பா இது என்றேன். தண்டபாணி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இதை எழுதுகிற இன்றுவரை கலை மறுபடி ஒரு கோலும் அடிக்கவில்லை. இன்னாசி சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று முடிவாகவில்லை. முடிவாகும்போது சண்டை போட அவன் இருக்க மாட்டான். அது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. அவன் நினைவு எனக்கு அமைதி தருகிறது என்று முடித்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். தரவில்லை. முன்பெல்லாம் ஸ்கோரை நினைத்து எனக்குத் தூக்கம் கெடும். இப்போது கம்மாபுரத்துப் பையன் சாப்பிட்டானா என்று கெடுகிறது. தினமும் அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். இன்னாசி எனக்கு விட்டுப்போனது இந்தக் கவலை ஒன்றுதான். இதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.