தருவைகுளத்தில் ஏழாவது பட்டன்

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் பேருந்து விவரத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகலாம்.

நாசரேத்தில் உட்கார்ந்தபடி பதினான்கு லோகங்களையும் ஆளும் மென்பொருள் சக்கரவர்த்தி நான். ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்ட ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்டிருக்கிறேன். குடிமக்கள் முந்நூறு பேர் தேறினால் அதிகம். அவர்களில் ஒருவர் தருவைகுளம் பிலோமினா, பார்வையில்லாத ஆசிரியை. திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானை வைத்துத்தான் கணினியில் வேலை செய்கிறார். போன வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல்: "புதுப் பதிப்பில் சேமிக்கும் பட்டனை அமுக்கினேன். இறந்துபோன என் கணவரின் குரல் அழிந்துவிட்டது. மீட்க முடியுமா?"

சனிக்கிழமை காலை 6.10க்குப் பேருந்து ஏறினேன். 38 ரூபாய். உப்பளங்களுக்கு மேலே அது பறந்தது, கீழே கொக்குகள் கும்பிட்டன. 7.35க்குத் தூத்துக்குடி. அங்கிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 450 ரூபாய்.

"அங்கன என்ன சோலி அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர்.

"முத்து ஒண்ணு தொலைஞ்சிட்டு. எடுக்கப் போறேன்."

"சாளை மீனு கெடைக்கதே பெரும்பாடு, இவுக முத்துக்கு வாராக! ஏறுங்க, ஏறுங்க."

பிலோமினா வாசலிலேயே நின்றார். அவருடைய ஆசிரியர் தேர்வுக்காகப் புத்தகங்களைக் கணவர் வாசித்துப் பதிந்து கொடுத்திருக்கிறார். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். பாடங்கள் மொத்தமும் இருந்த அந்த ஒரே கோப்பில், நடுநடுவே அவர் இருமுவதையும் சிரிப்பதையும் வெட்டி ஒன்றாக்கிக்கொண்டிருந்தாராம் இந்த அம்மா.

என் பட்டன்களில் அழகழகாய்ப் படம் வைத்திருந்தேன், பெயர் வைக்கவில்லை. திரைவாசிப்பான் எல்லாவற்றையும் "பட்டன், பட்டன்" என்றே சொல்லியிருக்கிறது. அவர் எண்ணி மனப்பாடம் செய்திருந்தார்: ஏழாவது சேமிக்க, எட்டாவது அழிக்க. புதுப் பதிப்பில் நான் அந்த இரண்டையும் இடம் மாற்றினேன். காரணம்? பார்க்க லட்சணமாக இருந்தது. "அழிக்கவா?" என்று கேட்ட பெட்டியும் அவருக்குப் பட்டன், பட்டன்தான்.

மூன்று மணி நேரம் அவர் கணினியின் வட்டைத் துழாவினேன். அதே இடத்தில், வகுப்புக்காக அவர் பிறகு பேசிப் பதிந்த புதுப் பாடங்கள் ஏறிவிட்டன. ஒன்றும் மிஞ்சவில்லை.

"விடுங்க அண்ணாச்சி, கருப்பட்டிக் காப்பி ஆறுது" என்றவர், சற்றுக் கழித்துக் கேட்டார். "ரெண்டு வருசத்துக்கு முன்னால, பட்டனுக்குப் பேரு இல்லன்னு எழுதி, கம்ப்யூட்டர் சொல்லுதத பதிஞ்சு அனுப்புனேம்லா? என் மெயில் பெட்டி நெறஞ்சுட்டுன்னு நான் அத அழிச்சிட்டேன். நீங்க கேட்டியளா?"

வாய் நிறையப் பொய் வைத்திருப்பவன் நான். அன்று ஒன்றுகூட வரவில்லை. "கேக்கல தாயி" என்றேன்.

கைபேசியில் அந்த அஞ்சலைத் தேடித் திறந்தேன். நாற்பது நொடிப் பதிவு. பட்டன், பட்டன், பட்டன். பின்னால் ஒரு ஆண்குரல், சிரிப்போடு: "ஏளா, எண்ணி அமுக்கு. எட்டாவதத் தொட்டா நான் காலி."

பிலோமினா கைபேசியை வாங்கிக் காதோடு ஒட்டிவைத்தார். பிறகு, "இன்னொருக்கா போடுங்க" என்றார். பதினோரு முறை போட்டேன். நகலெடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வரை அவர் பக்கத்தில் இருக்க, அந்த இரண்டையும் பழைய இடத்துக்கே மாற்றி, ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தேன். ஏழாவதுக்கு "சேமி" என்று திரைவாசிப்பான் சொன்னபோது, "இப்ப சொல்லுது" என்றார். அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: தூத்துக்குடியிலிருந்து தருவைகுளத்துக்கு நகரப் பேருந்தே போதும், 18 ரூபாய். மதியத்தில் பேருந்து கிடைப்பது அரிது, தொப்பி அவசியம். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு: வெளியிடுமுன் திரையை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வருகிற அஞ்சலைத் திறந்து பாருங்கள்.

பேருந்து பறக்கவில்லை. கொக்கு கும்பிடவில்லை. முந்நூறு குடிமக்களும் பொய், நாற்பது பேர்தான். இவ்வளவிலும் உண்மை ஒரு சின்னத் துண்டு: அந்த நாற்பது நொடி, என் பெட்டியில் இரண்டு வருடம் திறக்காமலே கிடந்தது.